விழுவதைப் படைப்பாக்கியவர்: பாஸ் யான் ஆடர் வழியாகக் கருத்துக் கலை

கறுப்பு வெள்ளைப் படம். ஒலி கிடையாது. ஒரு வீட்டின் சரிவான கூரை. அதன் உச்சியில் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிறார். சாய்ந்தவர் சரிகிறார், சரிந்தவர் உருள்கிறார், கூரை விளிம்பைத் தாண்டிக் கீழே இருக்கும் செடிகள் பக்கம் போய் விழுகிறார். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. மொத்தம் 24 விநாடி.

‘விழுதல் 1, லாஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற இந்தப் படம் 1970இல் எடுக்கப்பட்டது. விழுந்தவர் பெயர் பாஸ் யான் ஆடர். நெதர்லாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த கலைஞர். கூரை அவர் குடியிருந்த வீட்டின் கூரைதான்.

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு உடனே எழும் கேள்வி, இதில் கலை எங்கே இருக்கிறது என்பது. அவர் எதையும் வரையவில்லை, செதுக்கவில்லை. நடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. விழுகிறவர் நிஜமாகவே விழுகிறார். இந்தக் கேள்வி நியாயமானது. ‘உனக்குக் கலை தெரியவில்லை’ என்று சொல்லி இதைத் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பதில் சொல்ல முடிகிற கேள்விதான் இது. ஆனால் அதற்கு முன்னால், இந்த மாதிரி வேலைகள் எந்த மண்ணில் முளைத்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யோசனைதான் படைப்பு

கான்செப்சுவல் ஆர்ட், அதாவது கருத்துக் கலை, 1960களின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேகம் பிடித்த ஒரு போக்கு. அதன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: படைப்பு என்பது கலைஞரின் யோசனை, கண்ணில் படுகிற பொருள் அந்த யோசனை வெளியே தெரிவதற்கான ஒரு வழி. பொருள் அழகாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கலைஞர் தன் கையால் செய்திருக்கலாம், வேறு யாராவது செய்திருக்கலாம், கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

இதற்கான விதை 1917லேயே விழுந்துவிட்டது. மார்செல் டூஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், கழிப்பறைகளில் பொருத்தும் பீங்கான் சிறுநீர்க் கோப்பை ஒன்றை வாங்கி, அதில் ‘ஆர். மட்’ என்ற புனைபெயரில் கையெழுத்துப் போட்டு, ‘நீரூற்று’ என்று பெயர் வைத்து நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். கண்காட்சியை நடத்தியவர்கள் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. அந்தக் கோப்பையே பிறகு காணாமல் போய்விட்டது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை, பல பத்தாண்டுகள் கழித்து டூஷாம்பின் சம்மதத்தோடு செய்த நகல்கள். அசல் தொலைந்தும் படைப்பு தொலையவில்லை. ஏனென்றால் அந்தப் படைப்பு பீங்கானில் இல்லை, ‘கலைஞர் தேர்ந்தெடுத்தாலே ஒரு பொருள் கலையாகிவிடுமா’ என்ற கேள்வியில் இருக்கிறது.

1965இல் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோசூத் செய்த வேலை இன்னும் தெளிவானது. ஒரு நிஜ நாற்காலி, அதன் புகைப்படம், ‘நாற்காலி’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் விளக்கம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எந்த ஊரில் காட்சிக்கு வைக்கிறார்களோ அந்த ஊரில் கிடைக்கும் நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம். அதையே அங்கேயே படம் எடுத்து மாட்டலாம். பொருள் மாறிக்கொண்டே இருக்கும், படைப்பு மாறாது.

இந்தப் போக்கைப் பற்றி ஆரம்பத்திலேயே தெளிவாக எழுதியவர் அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட். 1967இல் ஆர்ட்ஃபோரம் இதழில் எழுதிய கட்டுரையில், யோசனையே கலையைச் செய்யும் இயந்திரமாகிவிடுகிறது என்றார். அடுத்த ஆண்டிலிருந்து சுவரோவியங்களைச் செய்யத் தொடங்கினார். கோடு எங்கே தொடங்க வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்ற குறிப்பை அவர் எழுதித் தருவார். உதவியாளர்கள் சுவரில் வரைவார்கள். கண்காட்சி முடிந்ததும் அதன்மேல் வெள்ளையடித்துவிடுவார்கள். நம் வாசல் கோலத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். பதினைந்து புள்ளி, எட்டு வரை, இடைப்புள்ளி என்று நோட்டில் குறித்து வைத்திருப்பதுதான் கோலத்தின் உயிர். போட்ட கோலம் சாயங்காலத்துக்குள் மிதிபட்டுப் போகும்; அதற்காகக் கோலம் அழிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வேறொருத்தி வேறொரு வாசலில் அதையே நாளைக்குப் போடுவாள்.

சரி, அந்த யோசனை ஒரு செயலாக மட்டுமே வெளிப்பட்டால், செயல் முடிந்த பிறகு பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? புகைப்படம், சிறு படச்சுருள், தட்டச்சு செய்த தாள், தபால் அட்டை. கருத்துக் கலைஞர்கள் பலரின் வேலை இன்று நம்மிடம் வந்து சேர்வது இப்படிப்பட்ட பதிவுகளாகத்தான். ஆடரின் கூரைப் படத்தைச் சினிமாவாகப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நிகழ்ந்த ஒரு செயலின் பதிவு என்று எடுத்துக்கொண்டால்தான் அது திறக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் கலைக்கு ‘வறட்டுக் கலை’ என்ற கெட்ட பெயர் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அகராதி, அளவுகோல், வரைபடம், பட்டியல் என்று அது எப்போதும் மூளையோடு மட்டுமே பேசுகிறது என்ற குறை. பல படைப்புகள் விஷயத்தில் அந்தக் குறை சரிதான் என்று நானும் நினைக்கிறேன். ஆடரைத் தேடிப் போக வேண்டிய காரணமே இங்கேதான் வருகிறது. அதே வறண்ட முறையை, ஒரு விதி, ஒரு செயல், ஒரு பதிவு என்ற அதே கட்டமைப்பை எடுத்துக்கொண்டு, அதற்குள் விழுதல், அழுகை, பிரிவு, மரணம் என்று மனிதருக்கு மிக நெருக்கமான விஷயங்களை அவர் வைத்தார்.

கை நழுவும் அந்த நேரம்

ஆடர் பிறந்தது 1942இல், நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் குரோனிங்கன் மாகாணத்தில். இருபது வயதுவாக்கில் மொராக்கோவுக்குப் போய், அங்கிருந்து ஒரு பாய்மரப் படகில் வேலையாளாகச் சேர்ந்து, பல மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு 1963இல் கலிஃபோர்னியாவில் இறங்கினார். அங்கேயே கலை படித்தார், திருமணம் செய்துகொண்டார், தத்துவமும் படித்தார், கல்லூரிகளில் பாடம் நடத்தினார். கடலும் படகும் அவருக்குப் புதிதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூரைப் படம் எடுத்த அதே 1970இல் ‘விழுதல் 2, ஆம்ஸ்டர்டாம்’ வந்தது. கால்வாய் ஓரமாக சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருகிறார். சாலை திரும்பும் இடத்தில் வண்டி விளிம்புப் பக்கம் போகிறது. சைக்கிளோடு தண்ணீருக்குள் விழுகிறார். இது 19 விநாடி. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு. என் கணக்கில் ஆடரைப் புரிந்துகொள்ளச் சரியான நுழைவாயில், அந்த இரண்டில் ஒன்றான ‘முறிந்த வீழ்ச்சி, இயற்கை’.

இடம் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஒரு பெரிய பூங்காக் காடு. உயரமான மரம், அதிலிருந்து நீளும் ஒரு கிளை, அடியில் ஒரு சிறு நீரோடை. ஆடர் இரண்டு கைகளாலும் கிளையைப் பிடித்துத் தொங்குகிறார். கேமரா அசையாமல் தூரத்தில் நிற்கிறது. அவர் கால்களை ஆட்டுகிறார், உடம்பு ஊஞ்சல்போல் ஆடுகிறது, கிளை வளைகிறது. பிடியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறார். நேரம் போகிறது. பார்க்கிற நமக்குத் தெரியும், எத்தனை நேரமானாலும் கை வலிக்கத்தான் போகிறது. கடைசியில் பிடி விடுபட்டு, ஓடையில் போய் விழுகிறார். படத்தின் நீளம் 1 நிமிடம் 44 விநாடி. அதில் விழுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடிகூட இருக்காது. மிச்சமெல்லாம் தொங்குவது.

இதைப் பார்த்தவுடன் கூரைப் படமும் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். ஆடருக்கு முக்கியம் விழுந்த பிறகு என்ன ஆனது என்பது இல்லை. ‘நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது ‘இனி என் கையில் இல்லை’ என்று மாறுகிற அந்தப் புள்ளிதான். சாய ஆரம்பிப்பது அவர் முடிவு. ஒரு கோணத்தைத் தாண்டியதும் முடிவெடுக்க அங்கே யாரும் இல்லை, எடை மட்டும்தான். தன் உடம்பையே படைப்பாக்கும் ‘உடல் கலைஞர்’ என்று தன்னை வகைப்படுத்துவதை ஆடரே மறுத்திருக்கிறார். கூரையிலிருந்தும் கால்வாயிலும் தான் விழுந்ததற்குக் காரணம், புவியீர்ப்பு தன்னை ஆட்கொண்டதுதான் என்று விளக்கம் தந்தார். அவர் செய்ததெல்லாம் அந்த ஆளுகைக்கு இடம் கொடுத்தது மட்டும்.

இதில் ஆபத்தின் பங்கு என்ன? அந்தக் காலத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில் ஆபத்தைக் கையிலெடுத்த இன்னொருவர் கிறிஸ் பர்டன். 1971 நவம்பரில் சான்டா அனா நகரில் ஒரு சிறிய கலைக்கூடத்தில், நண்பர் ஒருவரை விட்டுத் தன் இடது கையில் துப்பாக்கியால் சுடச் செய்தார். அது ஒரு படைப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆடரின் தனித்தன்மை விளங்கும். பர்டனின் வேலையில் இன்னொரு மனிதன் இருக்கிறான், வேடிக்கை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ‘ஏன் யாரும் தடுக்கவில்லை’ என்ற கேள்வி இருக்கிறது. ஆடரின் விழுதலில் எதிராளியே இல்லை. எல்லோர் மேலும் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு விசை மட்டும் இருக்கிறது. ஆபத்துக்காக ஆபத்தை அவர் தேடவில்லை என்பது என் கருத்து. பிடியை நிஜமாக விட்டால் ஆபத்து தானாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

நான்காவது விழுதல் ‘முறிந்த வீழ்ச்சி, வடிவியல்’. நெதர்லாந்தின் கடலோர ஊரான வெஸ்ட்கப்பெல்லேயில் ஒரு பாதை. தூரத்தில் கலங்கரை விளக்கம். பாதையோரம் மரம் அறுக்க வைக்கும் முட்டுச்சட்டம் ஒன்று. ஆடர் நேராக நிற்கிறார், ஒரு பக்கம் சாய்கிறார், தள்ளாடுகிறார், அந்தச் சட்டத்தின் மேலேயே விழுகிறார். இந்த இடத்தை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. டச்சு ஓவியர் பியேட் மோண்ட்ரியான் இளமையில் வரைந்த கலங்கரை விளக்கம் அது. செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் மட்டுமே போதும் என்று பின்னாளில் முடிவு செய்தவர் மோண்ட்ரியான்; தன் நண்பர் வான் டூஸ்பர்க் ஓவியத்துக்குள் சாய்வுக்கோட்டைக் கொண்டு வந்ததும் 1920களில் இருவருக்கும் கசப்பு வந்தது. அந்த ஊரில் போய் ஆடர் தன் உடம்பையே ஒரு சாய்வுக்கோடாக்கிக் காட்டுகிறார். டச்சு ஓவிய வரலாறு தெரிந்தவர்களுக்கு இது ஒரு கூடுதல் சுவை. தெரியாமல் பார்த்தாலும் ஒன்றும் குறையாது. நிற்க முயன்று முடியாமல் போகிற ஒரு மனிதனைப் பார்க்க வரலாறு தேவையில்லை.

காரணம் சொல்லாத கண்ணீர்

ஆடரின் படைப்புகளில் அதிகம் பேருக்குத் தெரிந்தது, 1970-71இல் செய்த ‘சொல்ல முடியாத அளவுக்குச் சோகமாக இருக்கிறேன்’. மூன்றரை நிமிடப் படம், இதுவும் கறுப்பு வெள்ளை, இதுவும் ஒலியற்றது. சட்டகம் முழுக்க அவர் முகம். அழுகிறார். அடக்கப் பார்க்கிறார், கண்ணைத் துடைக்கிறார், தலையைச் சாய்க்கிறார், மறுபடி உடைகிறார். தலைப்பைக் கையால் எழுதிய ஒரு வரி வருகிறது. காரணம் எங்கேயும் வருவதில்லை. தான் அழும் புகைப்படத்தைத் தபால் அட்டையாக அச்சிட்டு, பின்பக்கம் அதே வரியை எழுதி, நண்பர்களுக்கும் அனுப்பினார்.

நண்பனிடமிருந்து அப்படி ஓர் அட்டை வந்தால் என்ன செய்வோம்? ‘என்ன ஆச்சு’ என்று பதறுவோம். அந்தப் பதற்றத்துக்கு விடை கிடைக்காதபடி படைப்பு அமைந்திருக்கிறது. காரணம் தெரிந்தால் அதை எடைபோட ஆரம்பித்துவிடுவோம்: இதற்கா இப்படி அழுகிறான், அல்லது பாவம், அழ வேண்டியதுதான் என்று. காரணத்தை எடுத்துவிட்டால் எடைபோட ஒன்றும் இல்லை. துக்கம் மட்டும் மிச்சம். துக்க வீட்டுக்குப் போனால் யாரும் அதிகம் பேசுவதில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் இல்லையா, அந்த அளவுக்குத்தான் இந்தப் படமும் நம்மை அனுமதிக்கிறது.

நிஜ அழுகையா, வரவழைத்த அழுகையா என்று பலர் கேட்கிறார்கள். கேமராவை நிறுத்தி, விளக்கைப் பொருத்தி, அதற்கு முன்னால் உட்கார்ந்து அழுவது நிச்சயம் ஓர் ஏற்பாடு. ஆனால் ஏற்பாடு என்பதாலேயே பொய் ஆகிவிடாது. ஒப்பாரிக்கும் ராகம் உண்டு, வரிசை உண்டு; ராகம் இருக்கிறது என்பதால் பாடுகிறவளின் துக்கம் பொய் என்று சொல்லிவிட முடியுமா? ஆடரின் படத்தில் விதிக்கும் கண்ணீருக்கும் நடுவில் இருக்கும் இந்த இழுபறியை நான் மிக மதிக்கிறேன். கருத்துக் கலையின் ‘வறட்டு’ முறை, உணர்ச்சியைக் கொட்டித் தீர்க்காமல் தாங்கிப் பிடிப்பதற்கு உதவும் என்று அது காட்டுகிறது.

அப்புறம், காரணம் தேடுகிறவர்கள் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு: ஆடரின் அப்பா. அவர் பெயரும் பாஸ்டியான் யான் ஆடர்தான். கிராமத்துத் திருச்சபைப் போதகர். போருக்கு முன்பு சைக்கிளிலேயே ஜெருசலேம்வரை பயணம் போனவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களுக்கு ஒளிவிடம் ஏற்பாடு செய்து பல உயிர்களைக் காப்பாற்றினார். 1944இல் பிடிபட்டு, அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி ஒரு காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஆடரின் இரட்டைப் புகைப்படம் ஒன்றைப் பார்க்கும்போது மனம் கனக்கும். 1971ஆம் ஆண்டுப் படைப்பு. ஸ்வீடனில் உயர்ந்த மரங்கள் அடர்ந்த காடு. முதல் படத்தில் மரங்களுக்கு நடுவே ஒருவர் நிற்கிறார். இரண்டாவதில் அவர் தரையில் கிடக்கிறார். இடையில் நடந்தது என்ன என்பதைக் காட்டும் படம் இல்லை.

அப்பாவின் மரணத்தையும் இந்தக் காட்டையும் இணைத்துப் பார்க்காமல் இருப்பது கஷ்டம். இணைத்துப் பார்ப்பதில் தவறும் இல்லை. ஆனால் ‘அப்பா சுடப்பட்டார், அதனால் மகன் விழுந்துகொண்டே இருந்தார்’ என்று சூத்திரம் போட்டுவிட்டால் படைப்பு அங்கேயே மூடிக்கொள்ளும். ஆடர் காரணத்தைச் சொல்லாமல் விட்டது வேலையின் பகுதி. அதை நாம் நிரப்பிவிட்டால் அவர் திறந்து வைத்ததை நாம் சாத்துகிறோம்.

1971லேயே எடுத்த ‘நைட்ஃபால்’, அதாவது இரவு கவிதல், என்ற படத்தையும் சொல்லிவிடுகிறேன். இருண்ட கொட்டகை மாதிரி ஓர் அறை. தரையில் இரண்டு பக்கமும் எரியும் மின்விளக்குகள். நடுவில் கனமான கல்பலகை. ஆடர் அதைச் சிரமப்பட்டுத் தூக்குகிறார், ஒரு கையில் தாங்கப் பார்க்கிறார், முடியவில்லை. பலகை ஒரு பக்க விளக்கின் மேல் விழுந்து பாதி இருள். திரும்பத் தூக்குகிறார். இரண்டாவது விளக்கும் போனதும் திரையில் எதுவும் தெரிவதில்லை. இங்கே விழுவது அவர் இல்லை, கல். ஆனால் கையின் வலு தீரும்வரை தாங்கிப் பார்ப்பது அதேதான்.

கடல்

இப்போது, ஆடர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் பேசுகிற விஷயத்துக்கு வருவோம். ‘அற்புதத்தைத் தேடி’ என்று அவர் பெயரிட்ட, மூன்று பகுதிகளாகத் திட்டமிட்ட பெரிய வேலை.

முதல் பகுதி லாஸ் ஏஞ்சல்ஸில். 1973இல் ஒரு இரவு முழுக்க, மலைப் பக்கமிருந்து கடற்கரைவரை நகரத்தின் குறுக்கே நடக்கும் ஒரு மனிதனின் புகைப்படங்கள். கையில் டார்ச். ஒவ்வொரு படத்தின் அடியிலும், எதையோ விடாமல் தேடுவதைப் பற்றிய ஒரு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டின் வரிகளைக் கையால் எழுதியிருக்கிறார். 1975 வசந்தத்தில் கிளேர் கோப்ளி கலைக்கூடத்தில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, அவருடைய மாணவர்கள் பியானோவோடு சேர்ந்து மாலுமிப் பாடல்களைப் பாடினார்கள்.

இரண்டாம் பகுதி, அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடப்பது. ‘ஓஷன் வேவ்’ என்ற பெயருள்ள, பன்னிரண்டரை அடி நீளமே உள்ள பாய்மரப் படகு. ஒரு சாதாரண காரைவிடச் சின்னது. 1975 ஜூலை 9ஆம் தேதி அமெரிக்கக் கிழக்குக் கரையில் கேப் காட் பகுதியிலிருந்து கிளம்பினார். சேர நினைத்தது இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகம். வயது 33. மூன்றாம் பகுதி, ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு இரவு நடை, குரோனிங்கர் அருங்காட்சியகத்தில் டச்சுப் பாடகர் குழுவோடு கண்காட்சி. மூன்றாம் பகுதி நடக்கவேயில்லை. 1976 ஏப்ரலில், அயர்லாந்துக்குத் தென்மேற்கே, ஸ்பெயின் நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்று அந்தப் படகைக் கண்டெடுத்தது. பாதி மூழ்கி, ஏறக்குறைய செங்குத்தாக மிதந்துகொண்டிருந்தது. ஆடர் அதில் இல்லை. அவர் உடல் கிடைக்கவேயில்லை. லா கொருன்யா துறைமுகத்துக்குக் கொண்டுபோன படகும் அங்கிருந்து திருடுபோனது.

இங்கிருந்துதான் கட்டுக்கதை வளர்கிறது. திட்டமிட்ட தற்கொலை என்றார்கள் சிலர். மறைந்து வாழ்கிறார் என்றார்கள் சிலர். 1969இல் உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில் தான் இருக்கும் இடம் பற்றிப் பொய்க் குறிப்பு எழுதிக் கடலில் காணாமல் போன டொனால்ட் குரோஹர்ஸ்ட் பற்றிய புத்தகம் ஒன்று ஆடரின் லாக்கரில் இருந்தது என்பதைப் பெரிய தடயமாகப் பேசினார்கள். தனியாகக் கடல் கடக்கப் போகிறவர் அதற்கு முன் போனவர்களைப் பற்றிப் படித்ததில் என்ன ஆச்சரியம் என்று நான் கேட்பேன்.

அவர் மரணத்தைப் படைப்பின் உச்சமாகக் கொண்டாடும் எழுத்துகளை நான் ஏற்பதில்லை. அதற்குக் காரணம் படைப்புக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாம் பகுதி என்று ஒன்று இருந்தது. அருங்காட்சியகம் பேசி வைத்திருந்தது, பாடகர் குழு திட்டத்தில் இருந்தது. குரோனிங்கன் அவர் பிறந்த மாகாணம். 1963இல் கடல் வழியாக வந்தவர், பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கடல் வழியாகவே ஊர் திரும்பப் பார்த்தார். போய்ச் சேர்வதற்காகப் போட்ட திட்டம் அது. இவ்வளவு சின்னப் படகில் அது நடக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது: 1965இல் ராபர்ட் மேன்ரி என்ற அமெரிக்கர் பதின்மூன்றரை அடிப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து 78 நாளில் இதே ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார். மேன்ரி போய்ச் சேர்ந்தார், ஆடர் சேரவில்லை.

விழுதல் படங்களோடு சேர்த்துப் பார்த்தால் பயணத்தின் யோசனை தெளிவாகும். கிளையில் தொங்குகிறவர் விழாமல் இருப்பதற்குத்தான் கையை இறுகப் பிடிக்கிறார். விழுவதே நோக்கம் என்றால் தொங்கவே வேண்டாம், குதித்துவிடலாம். கடலிலும் அப்படித்தான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றின் கையில் தன்னைக் கொடுத்துவிட்டு, பாயையும் சுக்கானையும் கொண்டு முடிந்தவரை வழி பிடிப்பது. ஆபத்து இருந்தது, அவருக்கும் தெரியும். ஆபத்தை ஏற்பது வேறு, சாவை வேண்டுவது வேறு. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் ஆடரின் மொத்த வேலையும் ஒரு நீண்ட தற்கொலைக் குறிப்பாகச் சுருங்கிவிடும். அவருக்கு இழைக்கக்கூடிய பெரிய அநியாயம் அதுதான் என்று நினைக்கிறேன். 1963இலிருந்து அவரோடு வாழ்ந்த மனைவி ஒருவர் கரையில் இருந்தார் என்பதையும் கதை சொல்கிறவர்கள் எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

சாவையும் இழப்பையும் தொட்ட கருத்துக் கலைஞர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. ஜப்பானில் பிறந்த ஆன் கவாரா, 1970இலிருந்து ‘நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்ற ஒற்றை வரியைத் தந்தியாகப் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். தந்தி கைக்கு வரும்போது அந்த வரி உண்மைதானா என்று உறுதி சொல்ல முடியாது. கியூபாவில் பிறந்த ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ், எய்ட்ஸில் இறந்த தன் துணைவரின் நினைவாக 1991இல் அறையின் மூலையில் மிட்டாய்களைக் குவித்து வைத்தார். குவியலின் எடை 175 பவுண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் சாப்பிடலாம், குவியல் கரையும், திரும்ப நிரப்பலாம். ஆடரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த இரண்டும் சீக்கிரமே புரிந்துவிடும், ஏனென்றால் இங்கேயும் அதே கட்டமைப்பு: எளிய விதி, அதைத் தாண்டி ஒரு விளக்கமும் கிடையாது.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. கடல் பயணத்தில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே ஆரம்பித்தால் மற்ற எல்லாமே அதற்கு முன்னோட்டமாகத் தெரியும். மரக்கிளைப் படத்தை முதலில் பாருங்கள், அதுவும் வேகத்தைக் கூட்டாமல், நடுவில் நகர்த்தாமல். பிறகு கூரை, சைக்கிள், கலங்கரை விளக்கம். அழுகைப் படத்தைத் தனியாக இருக்கும்போது பார்ப்பது நல்லது. மூன்றரை நிமிடமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை. பாதியில் கண்ணை விலக்கத் தோன்றும், தோன்றினால் விலக்கிக்கொள்ளலாம், திரும்பி வரலாம். இரவு நடைப் புகைப்படங்களுக்கு நிறைய நேரம் கொடுங்கள். ஒரு மனிதன் டார்ச்சோடு பாலத்தடியிலும் தெருமுனையிலும் எதையோ தேடிப் போய்க்கொண்டே இருக்கிறான்; படங்கள் இருட்டாக இருப்பதால் பலவற்றில் அவன் எங்கே நிற்கிறான் என்று நாமும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.